பதினேழு அறைக் கூண்டு

சேவற்கரடு பெரிய மலை அல்ல. அடிவாரத்திலிருந்து முருகன் கோயில் வரை இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். அடிவாரத்தில் ஒரு மடம். நேர்ந்துகொண்டவர்கள் காரியம் நடந்ததும் ஒரு சேவலையோ கோழியையோ உயிரோடு கொண்டுவந்து அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். விட்ட கோழியை யாரும் அறுப்பதில்லை, விற்பதும் இல்லை. அது மடத்துப் புழக்கடையில் மேய்ந்து, வயதாகித் தானாகச் சாகும்.

அந்த மடத்துக்கு ஆடி மாதம் ஏழாம் தேதி காலையில் அங்கப்பன் வந்து சேர்ந்தார். வயது அறுபத்து மூன்று. கூட்டுறவு நெல் கிட்டங்கியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். மூட்டையை எண்ணி உள்ளே விட்டு, எண்ணி வெளியே விட்டு, கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன மனிதர். அத்தனை வருடத்தில் ஒரு மூட்டை குறைந்ததில்லை.

மடத்துச் சாமி அவரைவிட இருபது வயது இளையவர். முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அங்கப்பன் எதிரே உட்கார்ந்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

"எங்கூட்டுக்காரி பாவாத்தாளுக்கு ரெண்டு வருசமா ஞாபகம் தப்பிப் போச்சுங்க. கதவு தொறந்திருந்தா எந்திரிச்சுப் போயிர்றா. வெளிப்பக்கம் ரெண்டு தாழ்ப்பாள் போட்டேன். பூட்டுன பொறகு சோத்தைத் தள்ளி வெச்சுட்டா. அம்பத்திரண்டு கிலோ இருந்தவ நாலு மாசத்துல நாப்பத்து மூணு ஆயிட்டா. கிட்டங்கித் தராசுலயே நிறுத்துப் பாத்தனுங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"மகள் வந்து தாராபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. புரட்டாசி முடியற வரைக்கும் வெச்சுக்குவாளாம். அதுக்கு மேல அவளால ஆகாதாம். முதியோர் இல்லத்துல சேத்திருவேன்னு சொல்லிட்டா. 'தாழ்ப்பாள் இல்லாம வெச்சுக்கத் தெரிஞ்சுதுன்னா வந்து கூப்புடுங்கப்பா'ன்னு சொன்னா."

சாமி ஒரு முற்றல் தண்டை எடுத்துத் தனியே போட்டார்.

"தொறந்தா தொலைஞ்சு போயிருவா. பூட்டுனா தேஞ்சு போயிருவா. எப்படித்தானுங்க சாமி வெச்சுக்கறது?"

"உங்களுக்குக் கோழிக்கூண்டு கட்டத் தெரியுங்களா?" என்று கேட்டார் சாமி.

அவரே புழக்கடைப் பக்கம் கையைக் காட்டித் தொடர்ந்தார்.

"போன வாரம் மரநாய் வந்து ரெண்டைத் தூக்கிட்டுப் போயிருச்சு. பத்தொம்பது இருந்துச்சு. இப்பப் பதினேழு. நீங்க கட்டுற வரைக்கும் நான் அதுங்க பக்கத்துல படுத்துக்கறேன்."

அவ்வளவுதான் அன்றைக்குச் சொன்னது.

கோழிகள் அடைவது பழைய சப்பரக் கொட்டகையில். திருவிழாவில் முருகனை வைத்துத் தோளில் சுமந்து போகும் மரச்சப்பரம் அது. கால் ஒடிந்து பதினொரு வருடம் ஆகிறது. புதிது செய்த பிறகு பழையதை மடத்துச் சமையற்கட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் விட்டுவிட்டார்கள். அதன் இரண்டு சுமை தண்டுகளிலும் கோழிகள் வரிசையாக உட்கார்ந்து தூங்கும். கீழே எச்சம் விரல் கனத்துக்குக் காய்ந்து கிடந்தது.

அங்கப்பனுக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. முருகனே ஏறிய சப்பரம். கூண்டு அதற்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது என்று முடிவு செய்தார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு புழக்கடை முழுவதும் நடந்தார். வடமூலையில் இரண்டு கல்சுவர் சேரும் இடம். தரை மேடு, தண்ணீர் நிற்காது, இரண்டு பக்கமும் காவல் தானாக அமைந்திருக்கிறது. அதைவிட நல்ல இடம் இல்லை.

பன்னிரண்டு நாளில் கூண்டு முடிந்தது. ஏழடி நீளம், மூன்றடி அகலம். நான்கு கல்கால் மேல் இரண்டடி உயரத்தில் பலகைத் தரை. மேலே தகரம். நான்கு பக்கமும் பலகை, கீரிப்பிள்ளை மூக்கை நுழைக்கவும் இடுக்கு இல்லை. உள்ளே குறுக்குப் பலகைகள் வைத்து, முன்பக்கம் திறந்த பதினேழு அறைகள். ஒவ்வொரு அறை மேலும் வெள்ளைச் சுண்ணாம்பில் எண். கதவில் இரண்டு தாழ்ப்பாள், ஒரு பூட்டு.

மடத்தில் சமைக்கும் மாராத்தாள் கரண்டியோடு வந்து பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்ணா, கோழிக்கு நம்பர் படிக்கத் தெரியுங்களா?"

"அதுக்கு இல்லம்மணி. ஒரு கோழி கொறைஞ்சா எந்த அறை காலின்னு உடனே தெரியும்."

"அப்படியே ஆளுக்கொரு ரேசன் கார்டும் போட்டுக் குடுத்துருங்க."

அங்கப்பன் சிரிக்கவில்லை. ஒன்பதாம் எண் கொஞ்சம் கோணலாக இருந்தது. அதை அழித்து மறுபடி எழுதினார்.

அன்று மாலை வெயில் இறங்கியதும் கோழிகள் எப்போதும் போலச் சப்பரக் கொட்டகைக்கு நடந்தன. அங்கப்பன் குறுக்கே நின்றார். கோழிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. துரத்தினார். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொண்டுபோய் அதனதன் அறையில் விட்டார். ஒன்றரை மணி நேரம் ஆனது. வேட்டி இரண்டு இடத்தில் கிழிந்தது. பதினேழும் உள்ளே. பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

காலையில் எட்டு மணிக்குத் திறந்தார். பதினான்கு அறைகள் காலியாக இருந்தன. எல்லாக் கோழியும் மூலையில் இருந்த மூன்று அறைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. வெளியே வந்ததும் அலகைத் திறந்து வைத்து மூச்சு வாங்கின.

இப்படி ஐந்து நாள். தினமும் ஆறு முட்டை கிடைத்துவந்த இடத்தில் நான்கு, இரண்டு, ஒன்று என்று குறைந்தது. அங்கப்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்த நாற்பது பக்க நோட்டில் அதைக் குறித்து வைத்தார். ஆறாம் நாள் காலையில் பதினாறுதான் எழுந்து வந்தன.

அவர் சாமியிடம் போய் நின்றார்.

"ஒண்ணு போச்சுங்க."

"மரநாய்ங்களா?"

"இல்லீங்க. அடியில சிக்கிக்கிச்சு. மூச்சு முட்டிப் போச்சு."

"பூட்டு?"

"பூட்டு அப்படியே இருந்துச்சுங்க."

சாமி தலையாட்டினார். எழுந்து போய் மண்வெட்டியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். அங்கப்பன் வேலியோரம் ஒன்றரை அடி ஆழம் தோண்டிக் கோழியைப் புதைத்தார்.

அவர் பிடிவாதக்காரர்தான். ஆனால் தப்பை ஒப்புக்கொள்ளாதவர் அல்ல. மறுநாளே கூண்டைப் பிரித்தார். பதினேழு அறையையும் எடுத்து வீசினார். சுவர்ப் பலகையின் மேல்பாதியை அறுத்துவிட்டு அரை அங்குலக் கம்பி வலை அடித்தார். வலைக்கு மேல் மழைச் சாரல் படாமல் தகரத்தை ஓரடி வெளியே நீட்டினார். அடுத்து உட்காரும் கழிகள். இரும்புக் குழாய் வைத்தால் கால் வழுக்கும், குளிரும். வேப்பங்கழி வெட்டிக் கணுவைச் செதுக்கி, கோழி விரல் சுற்றிப் பிடிக்கும் கனத்தில் மூன்று கழிகளை ஒரே உயரத்தில் கட்டினார். ஒன்றை உயர்த்திக் கட்டினால் அதில் யார் உட்காருவது என்று சேவல்கள் சண்டை போடும் என்பதை இதற்குள் பார்த்து வைத்திருந்தார். தரையில் நான்கு விரல் கனத்துக்கு நிலக்கடலைத் தோல் பரப்பினார். மூன்று நாளுக்கு ஒரு முறை கிளறி விடுவது, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அள்ளிவிட்டுப் புதிது போடுவது, பலகைக்குச் சுண்ணாம்பு அடிப்பது, பேனுக்குச் சாம்பல் தூவுவது. எல்லாவற்றுக்கும் நோட்டில் தேதி போட்டார்.

ஒன்பது நாள் வேலை. சாமி வந்து பார்த்தார். குனிந்து உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார். நாற்றம் இல்லை. கழியை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"நல்ல கூண்டுங்க" என்றார்.

அங்கப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாலைக்காகக் காத்திருந்தார்.

மாலை வந்தது. பதினாறு கோழியும் கூண்டின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சப்பரக் கொட்டகைக்கு நடந்தன.

மறுபடி துரத்தல். உள்ளே விட்ட பிறகு கோழிகளுக்கு ஒரு குறையும் இல்லை. வரிசையாக உட்கார்ந்து தூங்கின. முட்டையும் மூன்று நான்கு என்று ஏறியது. ஆனால் ஒன்றுகூடத் தானாக வரவில்லை. பதினெட்டு மாலையும் அங்கப்பன் ஓடினார். முழங்கால் வீங்கிவிட்டது. சப்பரத்தின் தண்டுகளையே கழற்றிவந்து கூண்டுக்குள் வைத்துப் பார்த்தார். அப்போதும் கோழிகள் கொட்டகைக்குப் போய், தண்டு இருந்த இடத்துக்கு நேர் கீழே வெறும் தரையில் உட்கார்ந்தன. தண்டைத் திரும்பக் கொண்டுபோய்ப் பொருத்தினார்.

மாராத்தாள் சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏனுங்ணா, பஸ் புடிக்கற மாதர ஓடறீங்களே. அதுங்களா வந்தாத்தான் என்னங்?"

"வர மாட்டீங்குதே அம்மணி."

"சாமி சப்பரத்துல உக்காந்து பழகிருச்சு. இனிமே உங்க பங்களாவுக்கு வருமுங்களா?"

"சப்பரத்துல கோழி உக்காரலாமா?"

"முருகன் தன் கொடியிலயே சேவலைத் தூக்கி வெச்சிருக்காரு. அவருக்கு ஆகுது, உங்களுக்கு ஆக மாட்டீங்குது."

அங்கப்பன் சாமியிடம் போனார். ஆவணி இருபதாம் தேதி. புரட்டாசி முடிய இன்னும் நாற்பத்தொரு நாள்.

"கூண்டுல என்னங்க சாமி குறை?"

"கூண்டுல ஒரு குறையும் இல்லீங்க."

"அப்புறம் ஏன் வர மாட்டீங்குது?"

"கறுப்பியைத் தெரியுங்களா?"

தெரியும். கொண்டை ஒரு பக்கம் சாய்ந்த கறுப்புக் கோழி. எல்லாவற்றிலும் மூத்தது. பிடிக்க அதிக நேரம் ஆவதும் அதற்குத்தான்.

"நாளைக்குக் காலையில கூண்டைத் தொறந்ததும் கறுப்பி பின்னால போங்க. அது அடையற வரைக்கும் போங்க. திருப்பாதீங்க, முடுக்காதீங்க, புடிக்காதீங்க. நாடாவையும் நோட்டையும் இங்க வெச்சுட்டுப் போங்க."

அங்கப்பன் நாடாவையும் நோட்டையும் சாமி பக்கத்தில் வைத்தார். வைத்த பிறகு கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் கறுப்பி கூண்டைவிட்டு இறங்கியதும் நேரே மாட்டுத் தொழுவத்துக்குப் போனது. சாணியைக் கிளறியது. அங்கப்பன் ஆறடி தள்ளி நின்றார். அங்கிருந்து மாவாட்டும் இடம். அங்கே மாராத்தாள் சிந்திய அரிசியைப் பொறுக்கியது.

"பொண்ணு பாக்கப் போறீங்களாங்ணா? பின்னாலயே வாறீங்க" என்றாள் மாராத்தாள்.

அங்கப்பன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

கறுப்பி வேலி இடுக்கு வழியாக வெளியே போனது. இத்தனை நாளில் அந்த இடுக்கு அவர் கண்ணில் பட்டதில்லை. சுற்றிக்கொண்டு வாசல் வழியாக ஓடினார். கோழி வண்டிப்பாதையைத் தாண்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் தானாக முன்னே நீண்டன. பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டார். பாதையின் அந்தப் பக்கம் ஒரு கரையான் புற்று. கறுப்பி அதைக் கொத்திக் கொத்தித் தின்றது. பிறகு தானாகத் திரும்பி, பாதையைத் தாண்டி, அதே இடுக்கு வழியாக உள்ளே வந்தது.

உச்சி வெயிலில் எலுமிச்சை மரத்தடியில் குழி பறித்து மண்ணில் புரண்டது. அங்கப்பனும் அந்த நிழலிலேயே உட்கார்ந்தார். மாராத்தாள் சோற்றைத் தட்டில் போட்டு அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். அப்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வெயில் சாய்ந்தது. கறுப்பி எழுந்து சிறகை உதறிக்கொண்டு சப்பரக் கொட்டகைக்கு நடந்தது. அங்கப்பனும் பின்னால் போனார். இத்தனை நாளும் கோழியைப் பிடிக்கத்தான் அதற்குள் போயிருக்கிறார். இப்போது சும்மா நின்றார்.

கொட்டகையின் வாய் மேற்குப் பார்த்தது. புழக்கடை முழுவதும் இருட்டிக்கொண்டு வந்த பிறகும் கடைசி வெளிச்சம் நேராக உள்ளே விழுந்து தண்டின்மேல் கிடந்தது. கல்சுவருக்குப் பின்னால் இருந்த வடமூலையில் அப்போது இருள் கட்டியிருந்தது. கோழிக்கு மங்கலில் கண் தெரியாது. வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் அது போகும்.

கறுப்பி தண்டுக்குக் கீழே நின்று மேலே பார்த்தது. இரண்டு முறை தலையைச் சாய்த்து அளந்தது. ஏறியது. மற்றவை அதன் பக்கத்தில் வந்து ஏறின. எல்லாம் கொட்டகையின் பின்சுவரை ஒட்டியே உட்கார்ந்தன.

அங்கப்பன் அந்தச் சுவரில் கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மாராத்தாளின் அடுப்பு.

அவர் கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றார். அன்றைக்கு ஒரு கோழியையும் பிடிக்கவில்லை. சாமி பாயைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டகையில் விரித்தார்.

வடமூலைக் கூண்டைப் பலகை பலகையாகப் பிரித்து எடுத்துவர நான்கு நாள். கொட்டகையைச் சுற்றி அடிக்க ஏழு நாள். சப்பரம் இருந்த இடத்திலேயே இருந்தது, தண்டுகளும் அப்படியே. அவற்றைச் சுற்றித்தான் வலை வந்தது, தகரம் வந்தது. அடியில் தட்டி ஒன்றைச் செருகினார், எச்சம் அதில் விழும், காலையில் இழுத்துக் கழுவலாம். மரநாய் மண்ணைப் பறித்து வராமல் வலையை முக்கால் அடி மண்ணுக்குள் இறக்கினார். கதவை மேற்குப் பக்கம் வைத்தார். ஒரே தாழ்ப்பாள், பூட்டு இல்லை. வேலி இடுக்கை அடைப்பதற்காகக் கையில் முள்ளை எடுத்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்.

புரட்டாசி முதல் தேதி மாலை. அங்கப்பன் இருபது அடி தள்ளி, கிணற்றுமேட்டில் உட்கார்ந்துகொண்டார். கறுப்பி வந்தது. புதுக் கதவைப் பார்த்து நின்றது. உள்ளே நுழைந்தது. மற்றவை பின்னால் போயின. அன்று காலையில்தான் யாரோ நேர்ந்துவிட்ட ஒரு செஞ்சேவல், வழி தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றது. எல்லாம் ஒரே பக்கம் போவதைப் பார்த்து அதுவும் போனது. பதினேழு.

நன்றாக இருட்டிய பிறகு அங்கப்பன் போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். இழுத்துப் பார்க்கவில்லை.

பத்து மாலை இப்படி நடந்தது. விடியும்போதே திறந்துவிட்டார். முட்டை ஏழானது. மரநாய் இரண்டு முறை வந்து வலையைச் சுற்றிவிட்டுப் போன தடம் மண்ணில் இருந்தது.

பதினோராம் நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு சாமி முன்னால் வந்து உட்கார்ந்தார். சாமி பழைய இடத்திலேயே, கீரையோடு.

"தாராபுரம் போறனுங்க. பாவாத்தாளைக் கூட்டிட்டு வந்திரலாம்னு. வீட்டுக்கு ஒரு ஏற்பாடு யோசிச்சு வெச்சிருக்கேன்."

நோட்டைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். வீட்டைச் சுற்றி நாலரை அடி மதில். தெரு தெரிகிற மாதிரி கம்பி வைத்த கேட். வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே நடப்பதற்குப் பாதை, நாற்பத்தெட்டு அடி. இரண்டு இடத்தில் உட்காரக் கல். மேற்கு வெயில் விழும் பக்கம் கட்டில். அடுப்படிச் சுவர் பக்கம் தலை.

சாமி படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தார். விரலால் மதிலைச் சுற்றிவந்தார்.

"நல்ல படமுங்க" என்றார்.

அங்கப்பனுக்கு இந்த முறை முகம் மலரவில்லை. 'நல்ல கூண்டுங்க' என்று அவர் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறார்.

"எத்தனை தடவை வெளிய போனாங்க?"

"ஒம்பது தடவைங்க." அதற்குப் பக்கம் புரட்டவே தேவையில்லை, ஆனாலும் புரட்டினார். "தேதி, மணி, எத்தனை தூரம், எல்லாம் எழுதியிருக்கேன். மூணு பர்லாங்கு தாண்ட உட்டதில்லீங்க. ஒம்பது தடவையும் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"படிங்க."

"ஒண்ணாவது, பால் சொசைட்டிகிட்ட. ரெண்டு, வாய்க்கால் பாலம். மூணு, பால் சொசைட்டி தாண்டி. நாலு, பாலத்துக்கு அந்தப் பக்கம். அஞ்சு, கரும்புக்காட்டு வளைவு. ஆறு, பாலம். ஏழு..."

குரல் மெதுவானது. ஒன்றன் கீழ் ஒன்றாக அவற்றை அவர் இதுவரை படித்ததில்லை.

"ஒரே வழிங்களா?" என்றார் சாமி.

"ஒரே வழிதானுங்க."

"நீங்க கூட்டிட்டு வராம இருந்திருந்தா எங்க போய் நின்னிருப்பாங்க?"

அங்கப்பன் நோட்டைப் பார்த்தார். ஒன்பது தேதி இருந்தது. ஒன்பது நேரம் இருந்தது. ஒன்பது தூரம் இருந்தது. பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

புழக்கடையில் கறுப்பி வேலி இடுக்கு வழியாக வெளியே போனது.

"தெரியாதுங்க சாமி."

சாமி ஆய்ந்த கீரையை முறத்தில் கூட்டி வைத்தார்.

"கறுப்பி பின்னால போக ஒரு பகல் போதுமா இருந்துச்சு" என்றார். "அவங்களுக்குக் கொஞ்சம் சேத்து ஆகுமுங்க."